142 மேட்ச், 2 கோல்: லிலியான் துராம்ங்கிற டிஃபெண்டர்

1998 ஜூலை 8. பாரிஸை ஒட்டி இருக்கிற ஸ்டாட் டி ஃப்ரான்ஸ்ல வேர்ல்ட் கப் செமி ஃபைனல், ஃப்ரான்ஸ் - க்ரோயேஷியா. நம்ம ஊர் டைமுக்கு நடுராத்திரி பன்னெண்டரைக்கு ஆரம்பிச்ச மேட்ச். ஃபர்ஸ்ட் ஹாஃப்ல யாரும் கோல் போடல. செகண்ட் ஹாஃப் ஆரம்பிச்சு ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது, க்ரோயேஷியாவோட அசனோவிச் ஒரு பாஸ் தள்ளுறாரு, டாவோர் ஷூக்கர் டிஃபென்ஸுக்குப் பின்னாடி ஓடி வந்து அதை எடுத்து கோல் கீப்பர் பார்த்தெஸைத் தாண்டி உள்ள போட்டுடறாரு. ஷூக்கர் ஆஃப்சைடுல, அதாவது பாஸ் கிளம்பும்போதே கடைசி டிஃபெண்டரைத் தாண்டி, நிக்கிற மாதிரி தான் முதல்ல பாக்கும்போது தெரியும். ஆனா இல்ல. ரீப்ளேல வலது பக்கம் பாத்தீங்கன்னா ஒருத்தர் மட்டும் மத்த மூணு பேரை விட பின்னாடி நிக்கிறாரு, அவரு தான் லிலியான் துராம்.

இது ஏன் முக்கியம்னா, பேக் லைன்ங்கிறது நாலு பேர் சேந்து இழுத்துப் பிடிக்கிற கயிறு மாதிரி, எதிராளி பாஸ் பண்ணப் போறான்னு தெரிஞ்ச அந்த நொடில நாலு பேரும் ஒண்ணா ரெண்டு அடி முன்னாடி ஏறணும், அப்படி ஏறிட்டா அவங்க ஸ்ட்ரைக்கர் ஆஃப்சைடுல மாட்டுவான். மூணு பேர் ஏறி ஒருத்தர் மட்டும் அசந்து நின்னுட்டா மொத்த கயிறும் தொய்ஞ்சு போயிடும், அந்த ஒருத்தர் நிக்கிற இடம் தான் இப்போ கோடு. அன்னைக்கு துராம் நின்ன இடம் தான் கோடு ஆச்சு, ஷூக்கருக்கு அது போதுமா இருந்துச்சு.

அடுத்த நிமிஷம் நடந்தது தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிற விஷயம். க்ரோயேஷியா கேப்டன் போபன் தன்னோட பெனால்டி பாக்ஸ் ஓரத்துல பந்தை வச்சுக்கிட்டு ஒரு நொடி யோசிச்சிட்டு நிக்கிறாரு, ரைட் பேக், அதாவது வலது ஓர டிஃபெண்டரான துராம் அங்க வரை ஓடிப் போயி பந்தை அவர் கால்ல இருந்து பிடுங்கி, கூட ஆடின ஜோர்க்கேஃபுக்கு கொடுத்து திருப்பி வாங்கி, கோல். சொந்தத் தப்பால வாங்கின கோலை ஒரே நிமிஷத்துல அவரே திருப்பிக் கொடுத்துட்டாரு. 70வது நிமிஷம் வாக்குல இன்னொண்ணு, பாக்ஸுக்கு வெளிய இருந்து இடது கால்ல வளைச்சு அடிச்சது, பந்து தரையோட தரையா போயி தூர மூலைல விழுந்துச்சு. அவரு வலது கால்காரர், ரைட் பேக், இடது கால்ல அப்படி ஒரு ஷாட்டை அதுக்கு முன்னாடி யாரும் அவர்கிட்ட எதிர்பாத்ததே இல்ல. கோல் போட்டுட்டு ஓடல குதிக்கல, முழங்கால் போட்டு உக்காந்து, ஒரு விரலை உதட்டுல வச்சு எதையோ யோசிக்கிற மாதிரி ஒரு போஸ். அந்த போட்டோ ஃப்ரான்ஸ்ல எல்லாருக்கும் தெரியும்.

2-1. ஃப்ரான்ஸ் முதல் தடவையா வேர்ல்ட் கப் ஃபைனலுக்குப் போச்சு. துராம் ஃப்ரான்ஸுக்காக மொத்தம் 142 மேட்ச் ஆடினாரு, 1994ல இருந்து 2008 வரைக்கும், அந்த 142லயும் அவரு போட்ட கோல் இந்த ரெண்டு மட்டும் தான்.

இந்தக் கதையை எல்லாரும் அதிசயமா சொல்வாங்க, அதிசயம் தான், நான் மறுக்கல. ஆனா துராம் யாருன்னு புரியணும்னா அந்த ரெண்டு கோலை விட அதுக்கு முந்தின அந்த ஒரு நொடிய பாக்கணும்னு எனக்குத் தோணும். ஒரு டிஃபெண்டரோட வேலையே இது தான், 89 நிமிஷம் சரியா நின்னா யாருக்கும் கண்ணுல படாது, ஒரு நொடி தப்பா நின்னா உலகமே பாக்கும். அந்த வேலைய 18 வருஷம் பாத்தவரு அவரு. அதுவும் பாதி நேரம் தனக்குப் பிடிச்ச இடத்துல கூட இல்ல. துராமுக்கு பிடிச்ச இடம் சென்டர் பேக், அதாவது டிஃபென்ஸோட நடு இடம். கோச் எமே ஜாக்கே கிட்ட ஏற்கனவே லோரான் ப்ளான், மார்செல் தெசாயின்னு ரெண்டு பெரிய சென்டர் பேக் இருந்தாங்க, அதனால துராமை வலது ஓரத்துக்கு அனுப்பினாரு, இடது ஓரத்துல லிசராசு. ஃப்ரான்ஸ் ஜெர்சில வாங்கின பேர்ல பெரும்பாலானதை இவரு பிடிக்காத இடத்துல நின்னு தான் வாங்கினாரு.

அந்த நாலு பேரும் ஒண்ணா ஸ்டார்ட் பண்ணின மேட்ச் எதுலயும் ஃப்ரான்ஸ் தோத்ததே இல்ல. 98 வேர்ல்ட் கப் முழுக்க ஃப்ரான்ஸ் வாங்கினது ரெண்டே கோல், ஒண்ணு டென்மார்க்கோட பெனால்டி, இன்னொண்ணு நம்ம ஷூக்கர் கோல். ஃபைனல்ல ப்ளான் கிடையாது, செமில ரெட் கார்டு வாங்கிட்டாரு, அவருக்கு பதிலா லெபோஃப் வந்தாரு, தெசாயியும் ஃபைனல்ல பாதில ரெட் கார்டு வாங்கி வெளிய போனாரு, அப்பவும் ரொனால்டோ, ரிவால்டோ இருந்த பிரேசில் ஒரு கோல் கூட போட முடியல. ஜிதான் தலையால போட்ட ரெண்டு கோலை பத்தி தான் பேசுவோம், 3-0ல அந்த பூஜ்யத்தைப் பத்தி யாரு பேசுறா. அந்த டோர்னமென்ட்டோட சிறந்த ஆட்டக்காரர் லிஸ்ட்ல ரொனால்டோ, ஷூக்கர், மூணாவதா துராம். ஒரு ரைட் பேக் அங்க நிக்கிறது ரொம்ப பெரிய விஷயம்.

இனி கொஞ்சம் பின்னாடி போகலாம். துராம் 1972 ஜனவரி 1ல குவாடலூப் தீவுல, போயின்ட்-அ-பித்ர்ங்கிற ஊர்ல பொறந்தவரு. கரீபியன் கடல்ல இருந்தாலும் அது ஃப்ரான்ஸோட பகுதி தான். இந்த இடத்துல நம்ம ஆளுங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும், 1848ல ஃப்ரெஞ்சு காலனிகள்ல அடிமை முறைய ஒழிச்சதுக்கு அப்புறம் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும்னு இந்தியாவுல இருந்து கூலி ஒப்பந்தத்துல ஆள் கொண்டு போனாங்க, முதல் கப்பல் 1854ல அதே போயின்ட்-அ-பித்ர் துறைமுகத்துல தான் போயி நின்னுச்சு, அடுத்த முப்பத்தஞ்சு வருஷத்துல நாப்பதாயிரம் பேருக்கு மேல போனாங்க, பாண்டிச்சேரி காரைக்கால் பக்கம் இருந்து ஏறின தமிழாளுங்க அதுல நிறைய. இன்னைக்கும் அங்க மாரியம்மனை மலியெமின்னு சொல்லி கும்பிடுறாங்க. துராம் அந்த வம்சம் இல்ல, அவரு ஆஃப்ரிக்காவுல இருந்து அடிமையா கொண்டு வரப்பட்டவங்களோட வழி வந்தவரு. ஆனா அவரு பின்னாடி காலனி வரலாறு, தோலோட நிறம், யாரு யாரை எங்க கொண்டு போயி வச்சாங்கன்னு பேசும்போதெல்லாம் நம்ம கதையும் அதே கரும்புக் காட்டுல தான் இருக்குன்னு எனக்கு தோணாம இருக்காது.

அம்மா மரியானா தனியா அஞ்சு பிள்ளைங்களை வளத்தவங்க. முதல்ல அவங்க மட்டும் பாரிஸ் பக்கம் வேலைக்குப் போயி, அப்புறம் 1981ல பிள்ளைங்களை கூட்டிக்கிட்டாங்க, துராமுக்கு அப்போ 9 வயசு. அங்க ஸ்கூல்ல நடந்ததை அவரே பல தடவை சொல்லியிருக்காரு. அப்போ டிவில ரெண்டு பசு வர்ற ஒரு கார்ட்டூன் ஓடிட்டு இருந்துச்சு, கறுப்புப் பசு முட்டாள், வெள்ளைப் பசு புத்திசாலி. க்ளாஸ் பசங்க இவனை அந்தக் கறுப்புப் பசு பேரு சொல்லி கூப்பிட்டாங்க. குவாடலூப்ல இருந்த வரைக்கும் தன்னை ஒரு சாதாரணப் பையனா நினைச்சவன், பாரிஸ் வந்து 9 வயசுல தான் தான் ஒரு 'கறுப்பன்'னு தெரிஞ்சுக்கிட்டான். வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட கேட்டப்போ, அவங்க அப்படித்தான்டா, அது மாறாது அப்படிங்கிற மாதிரி பதில் வந்துச்சாம். அந்த பதில் தனக்கு பத்தலன்னு அவரு சொல்றாரு. அம்மா மேல குறை இல்ல, அவங்க வாழ்ந்த வாழ்க்கை அப்படி. ஆனா 'அது அப்படித்தான்'ங்கிறதை அந்த மனுஷன் அதுக்கப்புறம் எங்கயும் ஏத்துக்கிட்டதா தெரியல.

ஃபோன்டென்ப்ளோ பக்கத்துல அவோன்ங்கிற ஊர்ல குடியிருப்பு, அங்க போர்ச்சுகல்ல இருந்து வந்து குடியேறினவங்க நடத்தின ஒரு க்ளப்புல தான் முதல்ல ஃபுட்பால். அப்புறம் மெலன் டீம், அங்க இருந்து மொனாகோ. மொனாகோல கோச் ஆர்சென் வெங்கர், பின்னாடி ஆர்செனல்ல பேர் வாங்கின அதே வெங்கர். துராம் 1996 வரைக்கும் அங்க. 1994 ஆகஸ்ட்ல செக் குடியரசுக்கு எதிரா ஃப்ரான்ஸ் டீம்ல முதல் மேட்ச், அதே மேட்ச்ல தான் ஜிதானும் முதல் தடவையா இறங்கினாரு, ரெண்டு கோல் போட்டாரு, அதனால துராம் அறிமுகம் ஆனதை யாரும் பெருசா கவனிக்கல.

அவரு ஆட்டத்தோட உச்சம் எதுன்னு கேட்டா நான் பார்மான்னு தான் சொல்வேன், 1996ல இருந்து 2001 வரைக்கும் அஞ்சு வருஷம். இத்தாலில அது சின்ன ஊரு, ஆனா பால் கம்பெனி பார்மலாட்டோட காசு பின்னாடி இருந்ததால பெரிய பெரிய ஆளுங்களை எல்லாம் கொண்டு வந்தாங்க. கோல் கீப்பர் புஃபோன், அப்போ இன்னும் இருபது வயசு கூட ஆகாத பையன். சென்டர் பேக் கன்னவாரோ, பக்கத்துல துராம். இப்போ யோசிச்சா ஒரே டீம்ல அந்த மூணு பேரான்னு இருக்கும். கன்னவாரோ உயரம் கம்மி, ஆனா எகிறுவாரு, அட்டாக் பண்றவன் கால்ல ஒட்டிக்கிட்டு முன்னாடி பாஞ்சு பந்தை வெட்டுவாரு. துராம் அதுக்கு எதிர் மாதிரி, பெரிய உடம்பு, நல்ல வேகம், ஆனா அவசரப்பட மாட்டாரு. எதிராளிய ஓட விட்டு, ஓரத்துக்கு தள்ளித் தள்ளி, அவன் ஷாட் அடிக்க காலைத் தூக்குற நேரத்துல நீளமான காலை உள்ள விட்டு பந்தை எடுத்துட்டுப் போவாரு. கீழ விழுந்து புல்லைக் கிளப்புற டேக்கிள் அவர்கிட்ட கம்மி. விழுந்து டேக்கிள் பண்ணணும்னா ஏற்கனவே நீ தப்பான இடத்துல நின்னுட்டன்னு அர்த்தம், பழைய டிஃபெண்டருங்க சொல்ற பாடம் இது, துராம் ஆட்டத்தை பாத்தா அது புரியும்.

1996-97ல அஞ்செலோட்டி கோச்சா இருந்தப்போ பார்மா லீக்ல ரெண்டாவது, யுவென்டஸ்க்கு ரெண்டே பாயின்ட் கம்மி. 1999 மே மாசம் மாஸ்கோல யுஈஎஃப்ஏ கப் ஃபைனல்ல மார்செய் டீமை 3-0ன்னு அடிச்சாங்க. அந்த மேட்ச்ல முதல் கோல் எப்படி வந்துச்சுன்னா, மார்செய் டிஃபெண்டர் ஒருத்தர் கீப்பருக்கு தலையால பின்னாடி தள்ளின பந்தை கிரெஸ்போ நடுவுல புகுந்து எடுத்து உள்ள போட்டாரு, அந்த டிஃபெண்டர் வேற யாரும் இல்ல, லோரான் ப்ளான், துராமோட ஃப்ரான்ஸ் டீம் கூட்டாளி. அதே சீசன்ல இத்தாலி கோப்பையும் வந்துச்சு. லீக் மட்டும் கடைசி வரைக்கும் கிடைக்கல. அப்புறம் 2003 கடைசில பார்மலாட் கணக்குல இருந்த பெரிய மோசடி வெளிய வந்து கம்பெனி சாஞ்சுது, க்ளப்பும் கூடவே சாஞ்சுது, ஆனா அதுக்குள்ள இவங்க எல்லாம் கிளம்பிட்டாங்க.

2001ல யுவென்டஸ் ஜிதானை ரியல் மாட்ரிட்டுக்கு வித்துச்சு, அப்போ அது உலக ரெக்கார்டு விலை. ஜிதான் போன அதே சம்மர்ல புஃபோன், துராம் ரெண்டு பேரையும் பார்மால இருந்து தூக்கினாங்க, கூட நெத்வெத் லாசியோல இருந்து. ஒரு மேஜிக் பண்றவரை வித்துட்டு ஒரு கீப்பரும் ஒரு டிஃபெண்டரும் வாங்கினா ரசிகன் முகம் சுளிப்பான், ஆனா அடுத்த ரெண்டு வருஷமும் லீக் அவங்களுக்குத் தான். 2003ல சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், ஓல்ட் ட்ராஃபர்டுல, ஏசி மிலானோட 120 நிமிஷம் 0-0, பெனால்டில தோத்தாங்க. சாம்பியன்ஸ் லீக் மட்டும் துராமுக்கு கடைசி வரைக்கும் கைக்கு வரல.

ஃப்ரான்ஸ் பக்கம் 2000ல யூரோ ஜெயிச்சாங்க, ராட்டர்டாம் ஃபைனல்ல இத்தாலிய 2-1, கடைசி நிமிஷத்துல வில்டோர் சமன் பண்ணி எக்ஸ்ட்ரா டைம்ல த்ரெஸகே முடிச்ச மேட்ச். 2002 வேர்ல்ட் கப்புல ஒரு கோல் கூட போடாம முதல் சுத்துலயே வெளிய. 2004 யூரோல கிரீஸ் கிட்ட தோல்வி, அதோட போதும்னு துராம் ரிட்டயர்மென்ட் சொல்லிட்டாரு. அடுத்த வருஷம் ஃப்ரான்ஸ் வேர்ல்ட் கப்புக்கே தகுதி ஆகுமான்னு தடுமாறினப்போ ஜிதான், மக்கெலேலே, துராம் மூணு பேரும் திரும்பி வந்தாங்க.

அந்த 2006 வேர்ல்ட் கப் தான் எனக்கு ரொம்ப பிடிச்ச துராம். வயசு 34, ஒருவழியா தனக்குப் பிடிச்ச சென்டர் பேக் இடம், பக்கத்துல கல்லாஸ். ஓட்டம் குறைஞ்சிருந்துச்சு, ஆனா எங்க நிக்கணும்ங்கிறது அவ்வளவு துல்லியமா இருந்துச்சு. நாக் அவுட்ல பிரேசில் ஒரு கோல் போட முடியல, செமில கிறிஸ்டியானோ ரொனால்டோ இருந்த போர்ச்சுகலும் முடியல, அந்த போர்ச்சுகல் மேட்ச்ல மேன் ஆஃப் த மேட்ச் துராம் தான். எட்டு வருஷத்துக்கு முன்னாடி செமில ரெண்டு கோல் போட்ட அதே ஆளு, இந்த செமில கோல் விழ விடாம பாத்ததுக்காக. என்னைக் கேட்டா ரெண்டாவது தான் அவரோட நிஜமான ஆட்டம்.

பெர்லின்ல ஃபைனல், எதிர்ல இத்தாலி. ஜிதான் தலையால முட்டின கதை எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்க. இத்தாலி கேப்டன் கன்னவாரோ, அன்னைக்கு அவருக்கு 100வது இன்டர்நேஷனல் மேட்ச். இத்தாலி கீப்பர் புஃபோன். பார்மாவுல ஒரே பெனால்டி பாக்ஸை காவல் காத்த மூணு பேரு, ரெண்டு பேர் இப்போ அந்தப் பக்கம், துராம் மட்டும் இந்தப் பக்கம். அது மட்டும் இல்ல, 2004ல கன்னவாரோவும் யுவென்டஸ் வந்ததால இந்த மூணு பேரும் அப்போ மறுபடி ஒரே க்ளப். அந்த ஃபைனல்ல இறங்கினவங்கள்ல யுவென்டஸ் ஆளுங்க மட்டும் எட்டு பேர், பெனால்டிய தவறவிட்ட த்ரெஸகே உட்பட. அதே நேரம் இத்தாலில ரெஃப்ரீ நியமனத்துல யுவென்டஸ் நிர்வாகம் தலையிட்டதா விசாரணை நடந்துட்டு இருக்கு. கப்பு முடிஞ்ச சில நாள்ல தீர்ப்பு, ரெண்டு லீக் பட்டமும் பறிபோச்சு, டீம் ரெண்டாவது டிவிஷனுக்கு இறக்கப்பட்டுச்சு. புஃபோன் கூடவே இறங்கி நின்னாரு, கன்னவாரோ மாட்ரிட் போனாரு, துராம் பார்சிலோனா. ஒரு மாசத்துக்குள்ள வேர்ல்ட் கப்பும் போச்சு, உழைச்சு ஜெயிச்ச ரெண்டு சீசனும் பதிவுல இருந்து அழிஞ்சுது. நிர்வாகம் பண்ணின தப்புக்கு மைதானத்துல ஓடினவன் கணக்கு கொடுக்கிற மாதிரி ஆயிடுச்சு, எனக்கு அது இன்னைக்கும் மனசு ஆறல.

பார்சிலோனால ரெண்டு வருஷம் பெரும்பாலும் பெஞ்சு தான். 2008 யூரோல நெதர்லாந்து கிட்ட 4-1ன்னு வாங்கின மேட்ச், அது தான் 142வது, கடைசி. அடுத்து பாரிஸ் க்ளப் பிஎஸ்ஜில சேரப் போறாருன்னு பேச்சு, மெடிக்கல் டெஸ்ட்ல இதயத்துல கோளாறு இருக்குன்னு தெரிஞ்சுது. ஆடினா உயிருக்கே ஆபத்து. 36 வயசுல ஆட்டத்தை நிறுத்திட்டாரு.

பொதுவா அப்புறம் கோச் ஆவாங்க, டிவில உக்காந்து பேசுவாங்க. இவரு அதே 2008லயே இனவெறிக்கு எதிரா ஒரு ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சாரு, ஸ்கூல் ஸ்கூலா போயி பசங்ககிட்ட பேசுறாரு. இது ரிட்டயர் ஆனதும் வந்த ஆசை இல்ல, ஆடும்போதே ஆரம்பிச்சது. 2005ல பாரிஸ் புறநகர்ல கலவரம் வெடிக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி உள்துறை அமைச்சரா இருந்த சர்க்கோசி அந்த ஏரியா பசங்களை ரவுடிக் கும்பல்ங்கிற மாதிரி ஒரு வார்த்தைல சொன்னாரு. துராம் பதிலுக்கு, நானும் அப்படிப்பட்ட ஏரியால வளந்தவன் தான், என்னையும் அப்படித்தான் சொன்னாங்க, நான் ரவுடி இல்ல, எனக்கு வேண்டியிருந்தது வேலைன்னு சொன்னாரு. அடுத்த வருஷம் வேர்ல்ட் கப் சமயத்துல டீம்ல கறுப்பு ஆளுங்க அதிகம்னு தீவிர வலதுசாரித் தலைவர் லெ பென் பேசினப்போ, ஃப்ரெஞ்சுக்காரங்கள்ல கறுப்பும் உண்டு வெள்ளையும் உண்டுங்கிறது அவருக்குத் தெரியல போலன்னு நேராவே பதில் கொடுத்தாரு. 2006 செப்டம்பர்ல கஷான்ங்கிற இடத்துல போலீஸ் காலி பண்ணின, தங்குறதுக்கு பேப்பர் இல்லாத குடியேறிகளை அவரும் டீம் கூட்டாளி வியேராவும் ஃப்ரான்ஸ் - இத்தாலி மேட்ச்சுக்கு கூப்பிட்டு ஸ்டேடியத்துல உக்கார வச்சாங்க. இன்னமும் ஆடிட்டு இருக்கிற ஒருத்தர் அரசாங்கத்துக்கு எதிரா இதைச் செய்றதுக்கு துணிச்சல் வேணும்.

2011ல பாரிஸ் கே ப்ராங்லி மியூசியத்துல ஒரு பெரிய கண்காட்சிக்கு பொறுப்பா இருந்தாரு, ஐரோப்பாவுல மனுஷங்களை வேலிக்குள்ள நிக்க வச்சு டிக்கெட் போட்டு காட்டின வரலாறு பத்தி. இதுல மனசைப் பிசையிற விஷயம், 98 டீம்ல துராம் கூட ஆடின கரம்பேவோட கொள்ளுத்தாத்தா 1931ல நியூ கலிடோனியால இருந்து பாரிஸுக்கு கொண்டு வரப்பட்டு அப்படி காட்டப்பட்டவர்கள்ல ஒருத்தரு. 1931ல வேலிக்குள்ள கொள்ளுத்தாத்தா, 1998ல அதே பாரிஸ்ல கப்போட கொள்ளுப்பேரன்.

எல்லாரும் அவரை கொண்டாடுறாங்கன்னு இல்ல. 2019ல இத்தாலில கறுப்பின ஸ்ட்ரைக்கர் லுகாகுவைப் பாத்து ரசிகருங்க குரங்கு சத்தம் போட்டப்போ, வெள்ளைக்காரங்க தங்களை உயர்ந்தவங்களா நினைக்கிறாங்கன்னு ஒரு இத்தாலி பேப்பர்ல சொன்னாரு, உடனே இவரே இனவெறி பேசுறாருன்னு ஃப்ரான்ஸ்ல பெரிய சத்தம். எல்லாரையும் சொல்லல, நூத்துக்கணக்கான வருஷமா ஊறின ஒரு நினைப்பைத் தான் சொன்னேன்னு விளக்கம் கொடுத்தாரு. அந்த வாக்கியத்தை இன்னும் கவனமா சொல்லியிருக்கலாம்னு நானும் நினைக்கிறேன். ஆனா சாதி பத்தி பேசினாலே நீ தான் சாதிவெறியன்னு திருப்புற ஊர்ல வளந்தவனுக்கு அந்த சத்தம் எங்க இருந்து வருதுன்னு புரியும்.

அவருக்கு ரெண்டு பசங்க. மூத்தவருக்கு கறுப்பின மக்கள் தலைவர் மார்க்கஸ் கார்வி பேரை வச்சாரு, சின்னவருக்கு எகிப்து ஃபாரோ பேரு, கெஃப்ரென். மூத்தவர் பொறந்தது பார்மாவுலயே. கெஃப்ரென் மிட்ஃபீல்டர், 2024ல அப்பா ஆடின யுவென்டஸ்க்கே போயி சேந்தாரு. மார்க்கஸ் ஸ்ட்ரைக்கர், இன்டர் மிலானுக்குப் போன முதல் வருஷமே இத்தாலி லீக் ஜெயிச்சாரு. 2020 மே மாசம் அமெரிக்காவுல போலீஸ் பிடில ஜார்ஜ் ஃப்ளாய்ட் செத்த அந்த வாரம், ஜெர்மனில கோல் போட்டுட்டு ஒரு முழங்கால் போட்டு நின்னவரு அவரு தான், 2024 யூரோ நடக்கும்போது ஃப்ரான்ஸ் தேர்தல்ல தீவிர வலதுசாரி கட்சி ஜெயிக்கக் கூடாதுன்னு பிரஸ் மீட்ல வெளிப்படையா சொன்னதும் அவரு தான்.

ஃப்ரான்ஸுக்காக அதிக மேட்ச் ஆடினவர்ங்கிற அப்பாவோட 142 ரெக்கார்டு 14 வருஷம் நின்னுச்சு. 2022 கத்தார் வேர்ல்ட் கப்புல போலந்து மேட்ச்ல கீப்பர் லோரிஸ் அதைத் தொட்டாரு, அடுத்து இங்கிலாந்து மேட்ச்ல தாண்டிட்டாரு. அந்த ஃப்ரான்ஸ் டீம்ல மார்க்கஸும் இருந்தாரு.